ஆதி மனசும் ஆற்காடு சாலையும்

1998ஆம் ஆண்டு டோக்கியோவின் ஷிபுயா வட்டாரத்துத் திரையரங்கு ஒன்றில் ரஜினிகாந்தின் ‘முத்து’ 23 வாரங்கள் ஓடியது. பார்க்க வந்தவர்களுக்குத் தமிழ் தெரியாது. ஜமீன் வீடு, குதிரை வண்டி, முறைமாப்பிள்ளை எதுவும் அவர்கள் வாழ்க்கையில் கிடையாது. திரையின் அடியில் ஜப்பானிய எழுத்து ஓடியது உண்மைதான். ஆனால் நாயகன் புருவம் நெரிந்தால் கோபம், உதடு துடித்தால் அடுத்து வரப்போவது அழுகை என்பதை எந்த எழுத்தும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. அது அவர்களுக்கு முன்பே தெரிந்திருந்தது.

இந்த நம்பிக்கையின் மேல்தான் கோடம்பாக்கம் எழுந்தது. ஏ.வி. மெய்யப்பச் செட்டியார் 1948இல் காரைக்குடியிலிருந்து தன் ஸ்டுடியோவைப் பெயர்த்துக்கொண்டு ஆற்காடு சாலைக்கு வந்தபோது, நாட்டில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் ஐந்தில் ஒருவர்கூட இல்லை. அப்படிப்பட்ட பெருங்கூட்டத்தைச் சிரிக்கவும் அழவும் நடுங்கவும் வைப்பது எப்படி என்று இங்கே யாரும் கல்லூரியில் படித்துவிட்டு வரவில்லை. டிக்கெட் கவுன்ட்டர் சொல்லிக்கொடுத்தது. ஓடியதைத் திரும்ப எடுத்தார்கள், ஓடாததைக் கைவிட்டார்கள். முக்கால் நூற்றாண்டாக இப்படிச் சலித்ததில் மிஞ்சியவைதான் அம்மா சென்டிமென்ட், தங்கச்சி சென்டிமென்ட், வில்லன் என்ட்ரி எல்லாம். மனித மனத்தின் மேல் இத்தனை பெரிய சோதனையை எந்தப் பல்கலைக்கழகமும் நடத்தியதில்லை.

அந்த மனம் எங்கிருந்து வந்தது என்று கேட்கும் துறைக்குப் பரிணாம உளவியல் என்று பெயர். அதன் அடிப்படை எளிது. கண்ணும் கையும் குடலும் பரிணாமத்தில் உருவானவை என்றால் மூளையும் அப்படித்தான். நம் இனம் தோன்றி ஏறக்குறைய 3 லட்சம் ஆண்டுகள் ஆகின்றன. வேளாண்மை வந்தது சுமார் 12,000 ஆண்டுகளுக்கு முன்புதான். அதற்கு முந்தைய காலம் முழுவதும் சிறு கூட்டங்களாக வேட்டையாடியும் கிழங்கு அகழ்ந்தும் வாழ்ந்தோம். அந்த வாழ்க்கையில் உயிர் பிழைக்கவும் பிள்ளைகளை ஆளாக்கவும் உதவிய அச்சங்களும் ஆசைகளும் பாசங்களும் தலைமுறை தலைமுறையாக மிஞ்சி நம்மிடம் வந்து சேர்ந்திருக்கின்றன. உளவியல் ஒருநாள் இந்த அடித்தளத்தின் மேல் நிற்கும் என்று டார்வின் 1859லேயே எழுதினார். 1992இல் ஜெரோம் பார்கோ, லீடா காஸ்மிடிஸ், ஜான் டூபி மூவரும் தொகுத்த பெருநூலோடு அது தனித்துறையாகவே நின்றுவிட்டது.

இப்போது இதைப் பேசக் காரணம் உண்டு. “ஆம்பளை மனசு அப்படித்தான், அது இயற்கை” என்று யூடியூபிலும் வாட்ஸ்அப்பிலும் விஞ்ஞானத்தின் பெயரால் தீர்ப்பு எழுதுகிறவர்கள் பெருகிவிட்டார்கள். இந்தத் துறையில் எது நிற்கும், எது நிற்காது என்று பிரித்துப் பார்க்காவிட்டால் நம் பிள்ளைகள் அந்தத் தீர்ப்புகளை அப்படியே நம்பிவிடுவார்கள்.

முகத்தின் மொழி

1867இல் டார்வின் உலகின் பல மூலைகளுக்குக் கேள்வித்தாள் அனுப்பினார். உங்கள் பகுதி மக்கள் வியந்தால் கண்ணையும் வாயையும் அகலத் திறக்கிறார்களா? வெட்கப்பட்டால் முகம் சிவக்கிறதா? கல்கத்தா தாவரவியல் தோட்டத்திலிருந்தும் இலங்கையிலிருந்தும்கூடப் பதில்கள் போயின. 1872இல் அவர் வெளியிட்ட நூல், மனிதரும் விலங்குகளும் உணர்ச்சியைக் காட்டும் விதம் பற்றியது. ஒரு நூற்றாண்டு கழித்து அமெரிக்க உளவியலாளர் பால் எக்மன், வெளியுலகத் தொடர்பு அதிகமில்லாத பப்புவா நியூகினியின் ஃபோரே மக்களிடம் போனார். சிறு கதைகளைச் சொல்லி, அதற்குப் பொருந்தும் முகத்தைப் படங்களில் காட்டச் சொன்னார். அச்சத்தையும் வியப்பையும் அவர்கள் குழப்பிக்கொண்டார்கள். மற்றவற்றைப் பெரும்பாலும் சரியாகவே காட்டினார்கள்.

நமக்கு நெருக்கமான ஆய்வு 2000இல் வந்தது. அகல்யா ஹெஜ்மாடி, ரிச்சர்ட் டேவிட்சன், பால் ரோசின் மூவரும் நாட்டிய சாஸ்திர மரபின் பாவங்களைக் காணொளியாக்கி இந்தியர்களுக்கும் அமெரிக்கர்களுக்கும் காட்டினார்கள். நம் நடன மரபை அறியாத அமெரிக்கர்களும் உணர்ச்சிகளைப் பெருமளவு இனம் கண்டார்கள். ‘நவராத்திரி’யில் சிவாஜி கணேசன் 1964இல் ஒன்பது வேடம் போட்டு ஒன்பது சுவை காட்டியபோது எந்த மூலதனத்தை நம்பினாரோ, அதைத்தான் இந்த ஆய்வு அளந்து பார்த்தது.

ஆனால் இங்கேயும் ஒரு மறுப்புக் குரல் இருக்கிறது. முகம் மட்டும் தனியாகப் பேசிவிடாது, சூழலை வைத்துத்தான் நாம் உணர்ச்சியை ஊகிக்கிறோம் என்று உளவியலாளர் லிசா ஃபெல்ட்மன் பாரெட் வாதிடுகிறார். பின்னணி இசையை எடுத்துவிட்டு ஒரு காட்சியைப் பார்த்தவர்களுக்கு அவர் சொல்வதில் எவ்வளவு நியாயம் இருக்கிறது என்று தெரியும்.

பாம்பும் எடிட்டரும்

‘நீயா?’ 1979இல் வந்தது. பழிவாங்கும் பாம்பின் கதை. அதற்கு முன்னும் பின்னும் பாம்பு படமெடுக்காத ஆண்டு தமிழ்த் திரையில் குறைவு. அடர்ந்த காட்டையே பார்த்திராத தியாகராய நகர்ப் பிள்ளைகூட அந்தக் காட்சியில் காலைத் தூக்கி இருக்கையில் வைத்துக்கொள்ளும். பாம்பு பயம் பிறவியிலேயே வருகிறதா?

அமெரிக்க உளவியலாளர் சூசன் மினேகாவும் அவருடன் சேர்ந்தவர்களும் 1980களில் செய்த சோதனை இதற்கு அருமையான விடை தருகிறது. ஆய்வகத்தில் பிறந்து வளர்ந்த ரீசஸ் குரங்குகள் பாம்பைப் பார்த்துப் பயப்படவில்லை. காட்டில் வளர்ந்த குரங்கு பாம்பைக் கண்டு அலறுவதைக் காணொளியில் பார்த்த பிறகு அவையும் பயந்தன. அடுத்ததாக, கோடம்பாக்கத்து எடிட்டிங் மேசையில் நடப்பது போன்ற ஒரு வேலையைச் செய்தார்கள். அலறும் குரங்கின் ஷாட்டை வெட்டி, பாம்புக்குப் பதிலாக எதிரே பூக்களை ஒட்டினார்கள். அதே அலறல், அதே முகம். ஆனால் அதைப் பார்த்த குரங்குகள் பூவுக்குப் பயப்படக் கற்கவில்லை.

பரிணாம உளவியலின் அடிப்படைப் பாடம் இதற்குள் முழுமையாக இருக்கிறது. பயம் தயாராகப் பிறப்பதில்லை. ஆனால் சில பயங்களைச் சட்டென்று கற்றுக்கொள்ளும் சாய்வோடு மூளை பிறக்கிறது. ‘பிறவிக் குணமா, வளர்ப்பா’ என்று பட்டிமன்றம் நடத்துகிறவர்கள் இரண்டு அணிக்கும் சமமாக மதிப்பெண் கொடுத்து முடிப்பது வழக்கம். உண்மையில் கேள்வியே தவறு. கற்கும் திறனே பிறவியில் வந்தது, அதில் எது எழுதப்படும் என்பது வாழ்க்கையில் தீர்மானமாகிறது.

கற்றதை மாற்றி எழுதவும் முடியும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978 முதல் இயங்குகிறது. விஷமுறிவு மருந்துக்கு வேண்டிய நஞ்சை எடுத்துத் தருகிறவர்கள் அவர்கள். அந்தச் சமூகத்தின் வடிவேல் கோபாலும் மாசி சடையனும் 2023இல் பத்மஸ்ரீ பெற்றார்கள். பாம்பு அவர்களுக்குப் பிழைப்பும் அறிவும் ஆயிற்று.

பழைய மனம் புதிய ஊரில் தடுமாறுவதற்கும் பாம்பு பயமே சான்று. இந்தியாவில் பாம்புக்கடியால் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் இறப்பதாக 2020இல் வெளிவந்த ஓர் ஆய்வு மதிப்பிட்டது. சிறிய எண் இல்லை. ஆனால் 2022 ஒரே ஆண்டில் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர். பாம்புப் படத்துக்குக் காலைத் தூக்கியவர்தான் படம் முடிந்ததும் தலைக்கவசம் இல்லாமல் ஆற்காடு சாலையில் மூன்று பேரை ஏற்றிக்கொண்டு போகிறார். சக்கரத்தைக் கண்டால் நடுங்கும் மனம் உருவாக நமக்குக் காலம் போதவில்லை. அந்த இடத்தைச் சட்டமும் பழக்கமும்தான் நிரப்ப வேண்டும்.

அண்ணன், தங்கை, மாமன்

பீம்சிங் இயக்கிய ‘பாசமலர்’ 1961இல் வெளிவந்தது. சிவாஜியும் சாவித்திரியும் அண்ணன் தங்கை. அறுபது ஆண்டுக்கு மேலாகியும் பாசமுள்ள அண்ணன் தங்கையை ஊர் அந்தப் படத்தின் பெயரால்தான் அழைக்கிறது. உடன்பிறந்தவருக்காகத் தன்னை அழித்துக்கொள்வது இயற்கைத் தேர்வின் கணக்குக்கு எப்படிப் பொருந்தும்? தன்னைக் காத்துக்கொள்கிறவன்தானே மிஞ்ச வேண்டும்?

1964இல் உயிரியலாளர் டபிள்யூ.டி. ஹாமில்டன் விடை சொன்னார். என் மரபணுக்களின் பிரதிகள் என் உடலில் மட்டும் இல்லை. உடன்பிறந்தவரிடம் சராசரியாகப் பாதி, சித்தப்பா பெரியப்பா அத்தை மாமன் பிள்ளைகளிடம் எட்டில் ஒரு பங்கு இருக்கின்றன. அவர்களைக் காப்பாற்ற வைக்கும் குணம் அவர்கள் வழியாகவே அடுத்த தலைமுறைக்குப் போகும். இதே கணக்கை ஹாமில்டனுக்கு முன்பே மரபியலாளர் ஜே.பி.எஸ். ஹால்டேன் விளையாட்டாகச் சொன்னதாகக் கதை உண்டு: இரண்டு சகோதரர்களுக்காக அல்லது எட்டு ஒன்றுவிட்ட சகோதரர்களுக்காக உயிரை விடலாம். அந்த ஹால்டேன் 1957இல் இங்கிலாந்தை விட்டு இந்தியாவுக்குக் குடிவந்து, இந்தியக் குடிமகனாகி, 1964இல் புவனேசுவரத்தில் மறைந்தார்.

இங்கே பலர் சறுக்குகிறார்கள். ‘பாசம் என்பது மரபணுவின் சுயநலம்’ என்று சொல்லிவிட்டு ஏதோ பாசத்தின் முகத்திரையைக் கிழித்துவிட்டதாக நினைக்கிறார்கள். எந்தத் தாயும் விழுக்காடு பார்த்துப் பால் கொடுப்பதில்லை. பாசம் எப்படி உருவானது என்பது ஒரு கேள்வி. அது உண்மையா என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டதால் இரண்டாவது பொய்யாகிவிடாது. தத்தெடுத்த பிள்ளைக்காக உயிரையே விடும் பெற்றோர் நம் தெருவிலேயே இருக்கிறார்கள்.

தாய்மாமனுக்கு வருவோம். பாரதிராஜாவின் ‘கிழக்குச் சீமையிலே’ 1993இல் தாய்மாமன் சீரைத் தமிழகம் முழுக்கக் கண்கலங்கப் பார்க்க வைத்தது. காதுகுத்துக்குத் தாய்மாமன் மடி, சடங்குக்குத் தாய்மாமன் சீர், கல்யாணத்துக்குத் தாய்மாமன் மாலை. பரிணாம உளவியலாளர்கள் இதற்கு ஒரு காரணம் சொல்கிறார்கள். தாய் யார் என்பதில் ஐயமே இல்லை, தந்தை யார் என்பதை அந்தக் காலத்தில் உறுதிசெய்ய வழியில்லை. ஆகவே தாய்வழி உறவினர் பிள்ளைகள் மேல் சற்றுக் கூடுதலாக அக்கறை காட்டும் சாய்வு உருவாகியிருக்கலாம். மேலை நாடுகளில் நடந்த சில ஆய்வுகளில் தாய்வழிப் பாட்டியும் சித்தி பெரியம்மாக்களும் தாய்மாமன்மாரும் முன்னால் வருகிறார்கள். அழகான விளக்கம். நம் ஊர்க் கதை இதோடு முடிந்திருந்தால் நானும் இதை அப்படியே ஏற்றிருப்பேன்.

ஆனால் நம் ஊரில் அதே தாய்மாமனின் மகள் முறைப்பெண். சித்தப்பாவின் மகள் தங்கை. இருவருக்கும் நம்மோடு உள்ள மரபணு உறவு ஒன்றே, எட்டில் ஒரு பங்கு. ஒருத்தியைக் கட்டிக்கொள்ளச் சொல்லி ஊரே கேலி செய்யும். மற்றவளைப் பற்றி அப்படி நினைப்பதே பாவம். எந்த மரபணுவாலும் இந்தக் கோட்டைப் போட முடியாது. இதைப் போட்டது முறை என்று நாம் சொல்லும் உறவு அமைப்பு. 1949–50இல் மதுரைக்கு மேற்கே பிரமலைக் கள்ளர் ஊர்களில் தங்கி ஆராய்ந்த பிரெஞ்சு மானிடவியலாளர் லூயி துய்மோன் இந்த அமைப்பை உலகுக்கு எடுத்துச் சொன்னார். பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் பந்தம், நிலம், சீர் எல்லாம் அதன் உள்ளே பின்னிக் கிடக்கின்றன.

இன்னொரு புறம், ஒன்றாக வளர்ந்தவர்களிடையே ஈர்ப்பு ஏற்படாது என்று ஃபின்லாந்துக்காரர் எட்வர்ட் வெஸ்டர்மார்க் 1891இலேயே எழுதினார். இஸ்ரேலின் கிப்புட்ஸ் கூட்டுக் குடியிருப்புகளில் பிள்ளைகள் ஒரே குழுவாக வளர்ந்தார்கள். ஜோசப் ஷெஃபர் 1971இல் அவர்களின் 2,769 திருமணங்களை ஆராய்ந்தார். முதல் ஆறு ஆண்டுகளையும் ஒரே குழுவில் கழித்த ஒரு ஜோடிகூட அதில் இல்லை. தைவானில் சிறு குழந்தையையே மருமகளாகக் கொண்டுவந்து வீட்டுப் பையனோடு வளர்க்கும் வழக்கம் முன்பு இருந்தது. அப்படி மணந்தவர்களிடையே மணமுறிவு அதிகம், பிள்ளைப்பேறு குறைவு என்று மானிடவியலாளர் ஆர்தர் வுல்ஃப் பல்லாண்டு உழைத்துக் காட்டினார்.

இதைப் படிக்கும்போது எனக்கு நம் வீடுகளில் கேட்ட ஒரு வாக்கியம்தான் நினைவுக்கு வருகிறது: “கூடவே வளர்ந்தவன்மா, எனக்கு அண்ணன் மாதிரி.” எத்தனை பெண்கள் இதைச் சொல்லி அழுதிருப்பார்கள்! பெரியவர்கள் அதைச் சாக்கு என்று தள்ளினார்கள். ‘முறை இருக்கும்போது என்ன அண்ணன்’ என்றார்கள். 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் மணமான பெண்களில் ஏறக்குறைய 28 விழுக்காட்டினர் உறவுக்குள் மணந்தவர்கள். இந்தியச் சராசரி 11. இவர்களில் எத்தனையோ பேர் நிறைவாக வாழ்கிறார்கள், மறுக்கவில்லை. பிள்ளைகளுக்குப் பிறவிக் குறைபாடு வரும் ஆபத்து உறவுத் திருமணத்தில் கூடுகிறது என்பதையும் மருத்துவர்கள் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். அதைவிட முக்கியம், அந்தப் பெண் சொன்ன வாக்கியத்துக்குப் பின்னால் லட்சக்கணக்கான ஆண்டு வயதுள்ள ஓர் உணர்வு இருக்கலாம் என்பது. அது சாக்கு இல்லை. கேட்க வேண்டிய சொல்.

ஊர்வாய்

மனிதக் குரங்குகள் ஒன்றுக்கொன்று பேன் பார்த்து நட்பை வளர்க்கின்றன. கூட்டம் பெருத்தபோது மனிதர்களுக்கு அதற்கு நேரம் போதவில்லை. ஆகவே பேச்சு வந்தது, பேச்சில் பெரும்பகுதி அடுத்தவர் கதைதான் என்கிறார் உளவியலாளர் ராபின் டன்பார். ஒருவரால் உறவாகப் பேணக்கூடியவர்கள் ஏறக்குறைய 150 பேர் என்ற எண்ணும் அவர் சொன்னதே. அந்த எண்ணைப் பிற்காலத்தில் பலர் கேள்வி கேட்டிருக்கிறார்கள். வம்பு பற்றிய கருத்து இன்னும் நிற்கிறது. யாரை நம்பலாம், யார் ஏமாற்றுவான் என்று அறிய வம்பு தேவைப்பட்டது.

அந்தத் தேவையைக் காசாக்கியவர் சி.என். லட்சுமிகாந்தன். ‘சினிமா தூது’, பிறகு ‘இந்துநேசன்’ பத்திரிகைகளில் நடிகர் நடிகையரின் அந்தரங்கத்தை எழுதினார். ஊரே தூற்றியது, ஊரே வாங்கிப் படித்தது. 1944 நவம்பரில் வேப்பேரியில் அவர் கத்தியால் குத்தப்பட்டு இறந்தார். நடிகர்கள் எம்.கே. தியாகராஜ பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் கைதானார்கள், தண்டிக்கப்பட்டார்கள். லண்டன் பிரிவி கவுன்சில் வரை போன வழக்கு திரும்பி வந்து, 1947இல் இருவரும் விடுதலையானார்கள். அவர்கள் சிறையில் இருந்தபோதும் பாகவதரின் ‘ஹரிதாஸ்’ பிராட்வே திரையரங்கில் ஓடிக்கொண்டிருந்தது. 1944, 45, 46 என மூன்று தீபாவளி கண்ட படம் அது. வெளியே வந்த பாகவதருக்குப் பழைய வாழ்வு திரும்பவில்லை. நூற்றைம்பது பேருக்குள் சுற்றிய வம்புக்கு ஒரு வரம்பு உண்டு. சம்பந்தப்பட்டவர் எதிரே வந்து நின்று கேட்பார். அச்சில் ஏறிய வம்புக்கு அந்தத் தடை இல்லை. இன்றைய கைப்பேசியில் சுத்தமாக இல்லை.

எங்க வீட்டுப் பிள்ளை

முகத்தை அடிக்கடி பார்த்தால், குரலை அடிக்கடி கேட்டால் அவர் நம்மவர் என்று பழைய மனம் முடிவு செய்துவிடுகிறது. ஆதிகாலத்தில் தினமும் தெரிந்த முகம் கூட்டத்து மனிதரின் முகமாகவே இருந்தது. திரைப்பிம்பம் என்ற ஒன்றே அப்போது இல்லை. ஒருபக்கமாக மட்டும் ஓடும் இந்த நெருக்கத்தை 1956இல் டொனால்ட் ஹார்ட்டனும் ரிச்சர்ட் வோலும் முதலில் விளக்கி எழுதினார்கள். அடுத்த பத்தாண்டுக்குள், 1965இல், விஜயா வாகினிக்காரர்கள் எம்.ஜி.ஆரை வைத்து எடுத்த படத்தின் பெயரே ‘எங்க வீட்டுப் பிள்ளை’.

எதிர்முனையில் எம்.என். நம்பியார். வாழ்க்கையில் பக்திமான், சபரிமலை யாத்திரையில் எத்தனையோ நடிகர்களுக்குக் குருசாமி. திரையில் எம்.ஜி.ஆரை அடித்த பாவத்துக்கு அவரைக் கிராமத்துப் பெண்கள் மனமார வைதார்கள். நடிப்பு என்று தெரியாமலா? தெரியும். தெரிந்த பகுதி வேறு, வைத பகுதி வேறு.

இந்த அன்பு எவ்வளவு ஆழம் போகும் என்பதை 1987 டிசம்பர் 24 காட்டியது. எம்.ஜி.ஆர். மறைந்த அந்த நாளிலும் தொடர்ந்த நாட்களிலும் பலர் தங்கள் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். அவர்களை அறிவிலிகள் என்று சொல்வோர் மேல் எனக்குக் கோபம் வருகிறது. சொந்த வீட்டில் ஒருவர் போனதாகவே அவர்கள் மனம் உணர்ந்தது. ஆனால் அந்த அன்பு யாருக்குப் பயன்பட்டது என்பதையும் கேட்க வேண்டும். ஆய்வாளர் எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1992இல் எழுதிய நூலில் அதைத்தான் கேட்டார். ஏழைகளின் நாயகனாகத் திரையில் நின்றவரின் ஆட்சியில் ஏழைகளுக்கு உண்மையில் என்ன கிடைத்தது என்று கடுமையாக ஆராய்ந்தார். மனத்தின் பழைய சாய்வு எல்லா ஊரிலும் உண்டு. அதை ரசிகர் மன்றமாக, வாக்காக, ஆட்சியாக மாற்றியது தமிழகத்தின் வரலாறு.

ஒரு சென்னை மருத்துவர் வைத்த பொறி

வி.எஸ். ராமச்சந்திரன் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்தவர். உலகம் அறிந்த நரம்பியலாளர், 2003இல் பி.பி.சி.யின் ரீத் சொற்பொழிவுகளை நிகழ்த்தியவர். சிரிப்புக்கு அவர் 1998இல் ஒரு பரிணாம விளக்கம் தந்தார். ஆபத்து என்று பதறிய கூட்டத்துக்கு, ‘ஒன்றுமில்லை, பொய் எச்சரிக்கை’ என்று அறிவிக்கும் ஒலிதான் சிரிப்பு. கவுண்டமணியிடம் உதை வாங்கும் செந்தில் எழுந்து நின்று வாழைப்பழத்தைப் பற்றியே பேசினால் சிரிக்கிறோம். உண்மையிலேயே மண்டை உடைந்திருந்தால் அரங்கம் அமைதியாகிவிடும்.

ராமச்சந்திரனே அதற்கு முந்தைய ஆண்டு, 1997இல், ஒரு பொறி வைத்தார். பொன்னிறக் கூந்தலும் வெளிர் தோலும் கொண்ட பெண்களை ஆண்கள் ஏன் விரும்புகிறார்கள் என்று ஒரு மருத்துவ ஆய்விதழில் கட்டுரை எழுதினார். வெளிர் தோலில் சோகையும் மஞ்சள் காமாலையும் முதுமையும் எளிதில் தெரிந்துவிடுமாம், ஆகவே ஆரோக்கியமான துணையைத் தேர வசதியாம். இதழ் வெளியிட்டது, சிலர் உண்மை ஆய்வென்றே எடுத்துக்கொண்டார்கள். அது முழுக்கக் கேலிக்காக எழுதியது, பரிணாம உளவியலில் சிலர் எவ்வளவு எளிதாகக் கதை கட்டுகிறார்கள் என்று காட்டுவதற்காக எழுதியது என்று பிறகு அவர் சொன்னார். உயிரியலாளர்கள் ஸ்டீபன் ஜே கூல்டும் ரிச்சர்ட் லெவான்டினும் 1979இல் விடுத்த எச்சரிக்கையும் இதுவே. நடந்து முடிந்த எதற்கும் ஒரு பயனைக் கற்பித்து, பரிணாமக் காரணம் என்று பெயர் சூட்டிவிடலாம்.

வெள்ளைத் தோல் மோகத்தில் ஊறிய கோடம்பாக்கத்துக்கு இந்தப் பொறியைவிடப் பொருத்தமான பாடம் இல்லை. கறுத்த நாயகனை இங்கே கொண்டாடுவார்கள், ரஜினிகாந்தும் விஜயகாந்தும் முரளியும் சான்று. நாயகிக்கு மட்டும் மும்பைக்கு விமானம் ஏறுவார்கள். இயற்கை என்றால் ஒரு பாலுக்கு மட்டும் ஏன்? சிவப்பழகு க்ரீம் ஒன்று 1975இல் இந்தியச் சந்தைக்கு வந்து பெண்களின் தாழ்வு மனப்பான்மையை விற்றுப் பெரும் தொழிலானது. 2020இல்தான் பெயரிலிருந்து ‘ஃபேர்’ என்ற சொல்லை நீக்கியது. சாதியும் காலனி ஆட்சியும் விளம்பரப் பணமும் எழுதிய கதை இது. தோலின் நிறம் வெயிலின் புறஊதாக் கதிருக்கு ஏற்ப அமைந்தது என்பதுதான் நினா ஜப்லான்ஸ்கி போன்றோரின் ஆய்வு சொல்வது. நம் வெயிலுக்குக் கறுப்பே கவசம்.

துணைத் தேர்வில் உலகப் பொதுவான சாய்வுகளே இல்லை என்று நான் சொல்லவில்லை. உளவியலாளர் டேவிட் பஸ் 1989இல் இந்தியா உட்பட 37 பண்பாடுகளில் பத்தாயிரம் பேரைக் கேட்டார். ஆண்கள் வயது குறைந்த துணையையும் பெண்கள் வருவாய் உள்ள துணையையும் விரும்புவது ஏறக்குறைய எங்கும் தெரிந்தது. ஆனால் மணத்துக்கு முன் கற்பு என்ற கேள்விக்கு இந்தியாவும் சீனாவும் மிக உயர்ந்த மதிப்புத் தந்தன, சுவீடனும் நார்வேயும் கண்டுகொள்ளவே இல்லை. அதே ஆய்வு, அதே மனித இனம். இதில் முதல் பாதியை மட்டும் மேற்கோள் காட்டுகிறவர்கள் நேர்மையற்றவர்கள்.

‘இயற்கை’ என்ற சாக்கு

பெண்ணின் சாதாரணப் புன்னகையை விருப்பம் என்று தவறாக எண்ணிக்கொள்ளும் சாய்வு ஆண்களிடம் அதிகம் என்று மார்ட்டி ஹேசல்டனும் டேவிட் பஸ்ஸும் 2000இல் வாதிட்டார்கள். வாய்ப்பைத் தவறவிடுவதைவிடத் தவறாக எண்ணிக்கொள்வது ஆதிகால ஆணுக்குக் குறைந்த இழப்பு என்பது அவர்கள் காரணம். இதை ஏற்றுக்கொள்வோம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து என்ன கிடைக்கிறது? ஆண் தன் கணிப்பை நம்பக் கூடாது என்பதுதான். அளவுகோல் கோணல் என்று தெரிந்த பிறகு அதை வைத்து அளக்கிறவன் குற்றத்துக்கு அளவுகோலா பொறுப்பு?

கோடம்பாக்கம் பல பத்தாண்டுகளாக இந்தக் கோணலுக்குப் பரிசு கொடுத்துவந்திருக்கிறது. அவள் வேண்டாம் என்பாள், அவன் பின்தொடர்வான். அவள் திட்டுவாள், அவன் பாடுவான். இடைவேளைக்குப் பிறகு அவள் மனம் மாறுவாள். படம் பார்த்தவனெல்லாம் குற்றவாளி ஆகிறான் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்லச் சான்றும் இல்லை. ஆனால் அலறும் முகத்தைத் திரையில் பார்த்தே குரங்கு பயத்தைக் கற்றது. வெற்றி பெறும் முகத்தை ஆயிரம் முறை பார்த்த பதின்வயதுப் பையன் அதிலிருந்து எதுவும் கற்கமாட்டான் என்று நம்ப முடியவில்லை.

கோடம்பாக்கம் ரயில் நிலையம் கடற்கரை–தாம்பரம் தடத்தில் இருக்கிறது. ஒரு பக்கம் அடுத்த நிலையமான நுங்கம்பாக்கத்தில் 2016 ஜூன் 24 காலையில் ஓர் இளம்பெண் வெட்டிக் கொல்லப்பட்டார். பின்தொடர்ந்து தொல்லை தந்தவர் என்று போலீசார் கைதுசெய்த இளைஞர் வழக்கு விசாரணைக்கு வருமுன்பே புழல் சிறையில் இறந்தார். மறுபக்கம் தள்ளியிருக்கும் பரங்கிமலை நிலையத்தில் 2022 அக்டோபரில் ஒரு கல்லூரி மாணவி ஓடும் ரயில் முன் தள்ளப்பட்டு இறந்தார். தள்ளியவர் அவரைத் தொடர்ந்து துரத்திவந்தவர். 2024 டிசம்பரில் சென்னை மகளிர் நீதிமன்றம் அவருக்கு மரண தண்டனை விதித்தது.

திரைக்கதை எழுதுகிறவர்களே, மனித மனத்தை உங்களைவிட நன்றாக அறிந்தவர்கள் இந்த நகரத்தில் இல்லை. அவள் வேண்டாம் என்று சொன்னதும் நாயகன் திரும்பிப் போகும் காட்சியை எழுதுங்கள். அதற்கும் கைதட்ட வைக்க உங்களால் முடியும்.

வாசகர்களுக்கு ஒன்று. விருப்பமில்லை என்று தெளிவாகச் சொன்ன பெண்ணைத் திரும்பத் திரும்பப் பின்தொடர்வதும் தொடர்புகொள்ள முயல்வதும் இணையத்தில் கண்காணிப்பதும் 2013 முதல் இந்தியாவில் குற்றம். இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 78ஆம் பிரிவு. முதல் முறை மூன்று ஆண்டு வரை, மறுபடி செய்தால் ஐந்து ஆண்டு வரை சிறை. பெண்களுக்கான உதவி எண் 181.